வீட்டுக்கு வாங்கிய கடன் வயலைத் தின்னக் கூடாது

விளைச்சல் பணம் ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோதான் விவசாயியின் கைக்கு வருகிறது. கிரெடிட் கார்டு பில்லோ மாதம் தவறாமல் வருகிறது. விருத்தாசலம் வட்டாரத்தில் பல சிறு விவசாயக் குடும்பங்கள் இன்று படுகிற தொல்லையின் வேர் இந்த வேறுபாட்டில் இருக்கிறது. மாதச் சம்பளக்காரருக்காகச் செய்த கடன் விளைச்சலை நம்பி வாழ்கிறவரின் தலையில் ஏறிவிட்டது.

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று பெரியவர்கள் சொன்னது புதிதாகக் கட்டும் வீட்டுக்கு. பழைய வீட்டைப் பழுது பார்ப்பதற்கும் அது பொருந்தும். சொல்லப் போனால் இன்னும் அதிகமாகவே பொருந்தும். புது வீட்டுக்கு மனையளந்து, கணக்குப் போட்டு, கடன் கேட்டு, யோசித்து இறங்குகிறோம். பழுது பார்க்கும் வேலையோ ஒழுகும் கூரையில் தொடங்கி, எங்கே முடியும் என்று தெரியாமல் நீண்டுகொண்டே போகும்.

நமது பகுதியில் இதற்குக் காரணங்களும் உண்டு. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. 2024 நவம்பர் கடைசியிலும் டிசம்பர் தொடக்கத்திலும் ஃபெஞ்சல் புயல் மழை கொட்டித் தீர்த்தது. சுவர் ஊறிய வீடும், தளம் ஒழுகிய வீடும், ஓடு சரிந்த வீடும் அப்படியே கிடக்க முடியாது. பெண்ணைப் பார்க்க வருகிறவர்கள் வீட்டைத்தான் முதலில் பார்க்கிறார்கள். பட்டணத்தில் வேலை செய்யும் பிள்ளை, மனைவி மக்களோடு பொங்கலுக்கு வந்து தங்க ஒரு நல்ல குளியலறை கேட்கிறான். இதில் எதையும் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது. விவசாயியின் வீடு என்றால் ஒழுகித்தான் தீர வேண்டும் என்று யாரும் விதி எழுதி வைக்கவில்லை.

வீட்டைச் சரி செய்ததை இங்கே குறை சொல்லவில்லை. எந்தப் பணத்தில் செய்தோம், அதை எப்படி அடைக்கப் போகிறோம் என்பதே கேள்வி.

பீங்கான் ஊரில் ஒரு பாடம்

விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர் பெற்ற ஊர். இங்குள்ள பீங்கான் தொழிலகங்களில் பொம்மையும், கோப்பையும், மின்சார ஃபியூஸ் கட்டைகளும் செய்கிறார்கள். நெய்வேலிச் சுரங்கத்தில் கிடைக்கும் களிமண் இத்தொழிலுக்குப் பெரிய துணை. ஆனால் கடைகளில் பளபளக்கும் தரை டைல்ஸ்களில் பெரும்பகுதி குஜராத்தில் உள்ள மோர்பி நகரத்திலிருந்து வருகிறது. பீங்கான் ஊர்க்காரர்களான நாமும் வெளியூர்ச் சரக்கைக் கடனுக்கு வாங்கித்தான் தரையில் ஒட்டுகிறோம்.

இத்தொழிலில் இருப்பவர்கள் ஒன்று சொல்வார்கள். வார்த்த பொருள் நன்றாக உலர்ந்த பிறகுதான் சூளைக்குப் போக வேண்டும். ஈரம் இருக்கும்போது அவசரப்பட்டுச் சுட்டால் வெடித்துவிடும். வீட்டு வேலையும் அப்படித்தான். கையில் பணம் சேருவதற்கு முன் கார்டை நீட்டி முடித்த வேலை பார்வைக்கு முழுசாக இருக்கும். குடும்பக் கணக்கில்தான் விரிசல் விடும்.

கணக்குக்காக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு ஏக்கர் நிலம். ஒன்றில் சம்பா நெல், இன்னொன்றில் மணிலா. வரப்போரம் கொஞ்சம் முந்திரி. கொட்டகையில் ஒரு கறவை மாடு. மகன் வெளியூரில் தனியார் கம்பெனியில் வேலை பார்க்கிறான். அவன் பெயரில் ஒரு கிரெடிட் கார்டு இருக்கிறது.

தளத்தின் ஒழுகலை அடைக்க வேண்டும் என்று கொத்தனாரைக் கூப்பிட்டார்கள். மேலே தட்டோடு பதித்தால் போதும் என்பது முதல் பேச்சு. மேலே செய்வதோடு கீழேயும் டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்றார் ஒருவர். டைல்ஸ் ஒட்டியபின் பழைய கதவு பொருந்தவில்லை. கதவு மாற்றியபின் பழைய பெயிண்ட் பொருந்தவில்லை. குளியலறை, சமையல் மேடைக்கு கிரானைட், வாசலுக்கு இரும்பு கேட் என்று வேலை வளர்ந்தது. கையிருப்புக் கரைந்த இடத்திலிருந்து கார்டு வேலை செய்யத் தொடங்கியது. கடைசியில் கார்டில் மட்டும் ஒரு லட்சம் ரூபாய் நின்றது.

இனி நடப்பதைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும்.

ஒரு லட்சம் என்ன ஆகிறது?

கார்டுக்காரர்கள் வட்டியை மாதக் கணக்கில் சொல்கிறார்கள். பல கார்டுகளில் அது மாதத்துக்கு 3 முதல் 3.75 சதவீதம் வரை இருக்கிறது. கேட்கும்போது சிறியதாகத் தெரிகிறது. நமது கிராம வழக்கில் சொன்னால், நூற்றுக்கு மூன்றரை ரூபாய் வட்டி. ஊரில் ஒருவர் மூன்று வட்டிக்குப் பணம் கொடுத்தால் அவரைப் பற்றி என்ன பேசுவோம் என்று எல்லோருக்கும் தெரியும். அதைவிடக் கூடுதலான வட்டிதான் பளபளப்பான அட்டைக்குள் உட்கார்ந்திருக்கிறது.

மாதம் 3.5 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். வட்டியின் மீது 18 சதவீதம் ஜி.எஸ்.டி.யும் உண்டு. ஒரு லட்சத்துக்கு மாத வட்டி 3,500 ரூபாய். அதற்கு வரி 630 ரூபாய். ஆக 4,130 ரூபாய்.

பில்லில் "குறைந்தபட்சம் செலுத்த வேண்டிய தொகை" என்று ஒன்று போட்டிருப்பார்கள். பெரும்பாலும் அது பாக்கியில் 5 சதவீதம் அளவில் இருக்கும். அதாவது 5,000 ரூபாய். அதைக் கட்டிவிட்டால் தாமதக் கட்டணம் இல்லை, போன் தொல்லையும் இல்லை. ஆகவே பலரும் அதை மட்டும் கட்டிவிட்டு, கடன் அடைந்து வருகிறது என்று நம்புகிறார்கள். உண்மையில் அந்த 5,000 ரூபாயில் நாலாயிரத்துக்கு மேல் வட்டிக்கும் வரிக்கும் போய்விடுகிறது. அசலில் குறைவது ஆயிரம் ரூபாய் அளவுதான்.

இப்படியே 12 மாதம் கட்டினால் என்ன ஆகும்? மொத்தம் ஏறத்தாழ 56,000 ரூபாய் கட்டியிருப்போம். பாக்கியோ இன்னும் 88,000 ரூபாய் அளவில் நிற்கும். ஒரு வருட உழைப்பைக் கொடுத்து 12,000 ரூபாய் அசலைத்தான் குறைத்திருக்கிறோம்.

இதே ஒரு லட்சத்துக்கு நகைக்கடன் வாங்கியிருந்தால்? வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் வருட வட்டி 12,000 ரூபாய்தான். கார்டுக்கு வட்டியும் வரியுமாகப் போனது 44,000 ரூபாய். இடையிலே உள்ள 32,000 ரூபாய் ஒரு ஏக்கர் மணிலாவுக்கு விதை, உழவு, எரு, களையெடுப்பு என்று ஆகும் செலவில் பெரும்பங்கு. வீட்டில் ஒட்டிய டைல்ஸ் வயலில் போட வேண்டிய விதையை இப்படித்தான் தின்கிறது.

இவ்வளவு வட்டிக்கு உச்சவரம்பு இல்லையா என்று கேட்கலாம். 30 சதவீதத்துக்கு மேல் வசூலிப்பது நியாயமற்ற வணிகமுறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் தீர்ப்பளித்தது. 2024 டிசம்பர் 20-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. ஆகவே ஆணையம் கட்டிய வேலி இப்போது இல்லை. நம் வேலியை நாமே கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

"வட்டியே இல்லாத தவணை" என்று சொல்லி விற்பதையும் நம்ப வேண்டாம். அப்படி ஒன்று கிடையாது, வட்டியைப் பரிசீலனைக் கட்டணம் போன்ற வேறு பெயர்களில் மறைக்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்குச் சுற்றறிக்கை விட்டிருக்கிறது.

இரண்டு கார்டும் ஒன்றல்ல

கார்டு என்றதும் நம்மவர்கள் பலருக்கு நினைவுக்கு வருவது விவசாயக் கடன் அட்டை. 1998-ஆம் ஆண்டு வந்த கிசான் கிரெடிட் கார்டு அது. பெயர்தான் ஒன்று. குணம் முற்றிலும் வேறு. கிசான் கார்டில் 3 லட்சம் ரூபாய் வரை பயிர்க்கடனுக்கு ஆண்டு வட்டி 7 சதவீதம். தவணைக்குள் கட்டினால் 3 சதவீதம் திரும்பக் கிடைத்து 4 சதவீதமாகிறது. தமிழகத்தில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களில் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டுவோருக்கு வட்டியே கிடையாது. திருப்பிச் செலுத்தும் நாளும் அறுவடையை ஒட்டியே வைக்கப்படுகிறது.

இந்த வேறுபாட்டைக் கண்ட சிலர் ஒரு குறுக்கு வழி பார்க்கிறார்கள். பயிர்க்கடனை வாங்கி கிரெடிட் கார்டில் கட்டிவிடலாம் என்பது அவர்கள் யோசனை. வட்டிக் கணக்கில் இலாபம் போலத் தெரியும். ஆனால் பயிர்க்கடன் பயிருக்குப் போகாவிட்டால் அந்தப் போகத்துக்கு உரம் எங்கிருந்து வரும்? மீண்டும் கார்டிலிருந்தோ, உரக்கடைப் பாக்கியிலிருந்தோதான் வரும். விளைச்சல் குறைந்தால் பயிர்க்கடனும் தவணை தவறும். அத்தோடு வட்டிச் சலுகையும் போய்விடும். ஒரு கடன் இருந்த இடத்தில் இரண்டு கடன் நிற்கும். கிசான் கார்டில் கடன் அளவைக் கணக்கிடும்போது அறுவடைக்குப் பிந்திய செலவுக்கும் குடும்பச் செலவுக்குமாக 10 சதவீதம் சேர்ப்பார்கள். அவ்வளவுதான். அதற்கு மேல் பயிர்க்கடன் பயிருடைய பணம். அதில் கை வைக்கக் கூடாது.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். 2008-இல் மத்திய அரசு விவசாயக் கடன் தள்ளுபடி செய்தது. 2021 பிப்ரவரியில் தமிழக அரசு 16 லட்சத்துக்கு மேற்பட்ட விவசாயிகளின் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. அந்த இரண்டிலும் கிரெடிட் கார்டு கடன் சேரவில்லை. புயலிலும் வெள்ளத்திலும் பயிர் போனால் பயிர்க்கடனைத் தள்ளி வைத்து மாற்றி அமைக்கும் வழக்கம் வங்கிகளில் உண்டு. கார்டு பில்லுக்குப் புயலும் தெரியாது, வெள்ளமும் தெரியாது.

கடனை அடைக்கும் வழி

முதல் வேலை, இருக்கிற கடனையெல்லாம் ஒரு தாளில் எழுதுவது. யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி, எந்தத் தேதி என்று நான்கு கட்டம் போதும். எல்லா வட்டியையும் நூற்றுக்கு மாதம் எத்தனை ரூபாய் என்று ஒரே கணக்கில் எழுத வேண்டும். அப்போதுதான் எது பாம்பு, எது கயிறு என்று தெரியும். குடும்பத்தில் எல்லோரும் உட்கார்ந்து எழுதுவது நல்லது. பிள்ளையின் கார்டில் எவ்வளவு நிற்கிறது என்று தகப்பனுக்குத் தெரியாத வீடுகளும், தகப்பன் உரக்கடையில் வைத்த பாக்கி பிள்ளைக்குத் தெரியாத வீடுகளும் உண்டு.

இரண்டாவது, அந்தக் கார்டில் இனி ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யக் கூடாது. பழைய பாக்கி நிற்கும்போது புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லா நாட்கள் கிடைப்பதில்லை. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். கார்டில் ரொக்கம் எடுப்பது அதைவிடக் கேடு. அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு.

மூன்றாவது, அதிக வட்டிக் கடனைக் குறைந்த வட்டிக் கடனாக மாற்றுவது. வீட்டில் நகை இருந்தால் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வைத்துக் கார்டுப் பாக்கியை முழுதாக அடைக்கலாம். அசலையும் வட்டியையும் கடைசியில் சேர்த்துக் கட்டும் நகைக்கடன் விவசாயிக்கு ஏற்றது. தை, மாசியில் சம்பா நெல் விற்றதும் ஒரு பங்கு, பங்குனி, சித்திரையில் முந்திரிக் கொட்டை விற்றதும் ஒரு பங்கு என்று விளைச்சலோடு சேர்த்து அடைத்துவிடலாம்.

இதில் மூன்று எச்சரிக்கைகள் உண்டு. நகை பெரும்பாலும் வீட்டுப் பெண்களுடையது. அவர்களிடம் கேட்டு, அவர்கள் பெயரிலேயே வைக்க வேண்டும். தங்கம் விலை ஏறியிருப்பதால் குறைந்த நகைக்கே கூடுதல் கடன் தருவார்கள். தருகிறார்களே என்று தேவைக்கு மேல் ஒரு ரூபாயும் வாங்க வேண்டாம். மீட்கும் தேதியை நாள்காட்டியில் குறித்து வையுங்கள். ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட நகைக்கடன் விதிப்படி, கடனை முழுதும் கட்டியபின் 7 வேலை நாட்களுக்குள் நகையைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். 2026 ஏப்ரல் 1-க்குள் எல்லா நிறுவனங்களும் இந்த விதிகளைக் கடைப்பிடிக்கத் தொடங்க வேண்டும் என்பது உத்தரவு.

நகை இல்லாதவர்கள் கார்டு கொடுத்த வங்கிக்கே போய், பாக்கியை மாதத் தவணைக் கடனாக மாற்றித் தரும்படி கேட்கலாம். வட்டி கார்டு வட்டியைவிடக் குறையும். எவ்வளவு குறையும், கட்டணம் எவ்வளவு என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டு ஒப்புக்கொள்ள வேண்டும். மகன் சம்பளம், பால் பணம் போன்று மாதாமாதம் வரும் வருமானத்துக்கு உள்ளே தவணை அடங்க வேண்டும். விளைச்சலை நம்பி மாதத் தவணை ஒப்புக்கொள்ளாதீர்கள். பெண்ணாடம் பக்கம் கரும்பு வெட்டி அனுப்பியவர்கள் ஆலைப் பணத்துக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்ததை நாம் மறந்துவிட முடியாது.

மகளிர் குழுக் கடனை வாங்கிக் கார்டில் கட்டுவது வேண்டாம். ஒரு வீட்டுச் சுமை பத்துப் பெண்களின் தலையில் ஏறும். கைப்பேசியில் நொடியில் பணம் தருவதாகச் சொல்லும் செயலிகளின் பக்கமே போகக் கூடாது. ஒரு கார்டை அடைக்க இன்னொரு கார்டு வாங்குவதும் குழிக்குள் இன்னொரு குழி தோண்டுவதுதான்.

நான்காவது, அறுவடைப் பணம் வந்ததும் செய்ய வேண்டிய வேலை. பயிர்க்கடன் தவணையையும் அடுத்த போகத்தின் விதைச் செலவையும் முதலில் ஒதுக்குங்கள். மிச்சத்தில் அதிக வட்டிக் கடனுக்கே முதல் பங்கு. வீட்டில் நின்றுபோன மிச்ச வேலைக்கு அந்த ஆண்டு ஒதுக்கீடு கிடையாது. கடன் நெருக்குகிறது என்று வந்த விலைக்குத் தள்ளிவிடவும் வேண்டாம். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் சரக்கை இருப்பு வைத்துப் பொருளீட்டுக் கடன் பெறும் வசதி இருக்கிறது. கண்காணிப்பாளரைக் கேட்டால் விவரம் சொல்வார்.

ஐந்தாவது, கடன் முடிந்ததும் கார்டையே முடித்துவிடுங்கள். எழுதிக் கொடுத்தால் 7 வேலை நாட்களுக்குள் கணக்கை மூட வேண்டும், தவறினால் நாளுக்கு 500 ரூபாய் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு விதி சொல்கிறது.

நிலத்தை விற்க வேண்டாம்

கட்ட முடியாமல் தவணை தவறியவர்களுக்கு ஒரு வார்த்தை. கார்டுக் கடன் அடமானம் இல்லாத கடன். வசூலுக்கு வருகிறவர் "நிலத்தை விற்றுக் கட்டு" என்று மிரட்டினால் அதற்கு அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை. வங்கிக்கு வேண்டுமானால் நீதிமன்றம் போகலாம். அங்கே நம் நிலையை நாமும் சொல்லலாம். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அக்கம்பக்கத்தார் முன் அவமானப்படுத்தவும் கூடாது. வலுக்கட்டாயமாகக் கடன் வசூலிப்பதைத் தடுக்கத் தமிழக சட்டமன்றமும் 2025-இல் ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது. தொல்லை இருந்தால் முதலில் வங்கிக்கு எழுத்து மூலம் புகார் கொடுங்கள். 30 நாளில் தக்க பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

அதற்காகக் கட்டாமல் ஓடி ஒளிவது வழியல்ல. தவணை தவறியது சிபில் கணக்கில் பதிவாகும். வங்கிகள் அதைப் பார்க்கின்றன. 2025-இல் கூட்டுறவுப் பயிர்க்கடனுக்கும் சிபில் பார்க்கும் பேச்சு எழுந்தபோது விவசாய சங்கங்கள் எதிர்த்தன. அந்த எதிர்ப்பு நியாயமானது. ஆனால் தேசிய வங்கியில் நாளைக்குக் கிணற்றுக்கோ மோட்டாருக்கோ கடன் கேட்டால் இந்தப் பழைய டைல்ஸ் பாக்கி வந்து குறுக்கே நிற்கும். வங்கியை நேரில் பார்த்து, இவ்வளவுதான் முடியும், இந்த அறுவடைக்கு இவ்வளவு தருகிறேன் என்று எழுதிக் கொடுப்பதே மேல். குறைந்த தொகைக்கு முடித்துக்கொள்ளலாம் என்று சொன்னால், அதையும் எழுத்தில் வாங்கிய பிறகே பணம் கட்ட வேண்டும். அப்படி முடித்ததும் சிபிலில் குறிப்பாக நிற்கும் என்பதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

அவசரத்தில் நிலத்தை விற்றவர் மீண்டும் அந்த நிலத்தை வாங்குவது அரிது. தானே புயலில் வேரோடு சாய்ந்த முந்திரித் தோப்பில் கன்று வைத்துப் பல ஆண்டு காத்திருந்து மீண்டவர்கள் நம் பகுதியில் இருக்கிறார்கள். நிலம் கையில் இருந்ததால்தான் அவர்களால் மீள முடிந்தது.

அரசும் வங்கிகளும் செய்ய வேண்டியது

விவசாயியின் சிக்கனத்தை மட்டும் பேசி முடித்துவிடுவது நியாயமாகாது. வயலுக்குக் கடன் கொடுக்கும்போது அறுவடை வரை காத்திருக்கத் தெரிந்த வங்கி, அதே விவசாயி வீட்டுக் கூரைக்குக் கடன் கேட்டால் மாதத் தவணை கேட்கிறது. மாதச் சம்பளச் சீட்டு எங்கே என்கிறது. சீட்டு இல்லாதவர் கார்டுக்கும் தனியார் நிதி நிறுவனத்துக்கும் போகிறார். இந்த இடைவெளியை அடைக்க வேண்டும்.

கடலூர் மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கி போன்றவை சிறு விவசாயிகளுக்கு வீட்டுப் பழுதுபார்ப்புக் கடன் ஒன்றைத் தனியே ஏற்படுத்தலாம். தொகை அளவாக இருக்கட்டும். தவணை ஆண்டுக்கு இருமுறை, அறுவடையை ஒட்டி இருக்கட்டும். வேலை நடப்பதைப் பார்த்துப் பகுதி பகுதியாகப் பணம் கொடுக்கட்டும். பழைய அரசுத் தொகுப்பு வீடுகளைச் சீரமைக்கத் தமிழக அரசு 2024-இல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் புது வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் ஒதுக்கியது. தகுதி உள்ளவர்கள் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் விசாரிக்கத் தயங்கக் கூடாது. ஆனால் சொந்தப் பணத்தில் கட்டிய பழைய மெத்தை வீட்டில் இருக்கும் சிறு விவசாயி இவற்றுக்கு வெளியே நிற்கிறார். அவருக்கும் ஒரு வழி வேண்டும்.

கார்டு பில்லையும் தமிழில் தர வேண்டும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் கடன் தீர எத்தனை ஆண்டு ஆகும் என்று பெரிய எழுத்தில் போட வேண்டும். வட்டியைத் தன் மொழியில் படிக்க முடியாத மனிதனிடம் கையெழுத்து வாங்குவது நல்ல வணிகம் அல்ல.

இனி வேலை தொடங்குகிறவர்களுக்கு

கூரை, சுவர், கழிப்பறை, மின்சார ஒயர் ஆகிய நான்கும் உயிரையும் உடலையும் காப்பவை. இவற்றுக்குக் கடன் வாங்கினாலும் பொருள் உண்டு. தரைப் பளபளப்பும் வாசல் கேட்டும் அடுத்த அறுவடைக்குக் காத்திருக்கலாம். வேலை தொடங்கும் முன்பே கொத்தனாரிடம் கூலி, பொருள் இரண்டுக்கும் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகும் என்று எதிர்பார்த்து அதையும் கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். நடுவில் சேர்க்கும் ஒவ்வொரு வேலைக்கும், இந்தப் பணம் எந்தப் போகத்திலிருந்து வரும் என்று கேளுங்கள். பதில் இல்லாத வேலையைத் தள்ளி வையுங்கள்.

விவசாயி வீட்டுக்கு நெல் காய ஒரு களமும், மூட்டை நனையாமல் அடுக்க ஓர் அறையும் முதலில் வேண்டும். மண்வெட்டியும் மூட்டையும் புழங்கும் அறைக்கு நல்ல சிமெண்டுத் தரை போதும். பளிங்கு போன்ற தரையில் விதைமூட்டை இல்லாமல் உட்கார்ந்திருப்பதைவிட, சிமெண்டுத் தரையில் அடுத்த போகத்து விதையோடு உட்கார்ந்திருப்பது நிம்மதி.

வருகிற பட்டத்துக்கு விதை எடுக்கும் முன், இந்த வாரத்திலேயே ஒரு நாள் மாலை அந்தக் கடன் தாளை எழுதி முடித்துவிடுங்கள். கார்டு பில்லில் உள்ள வட்டி வரியைப் பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். எந்தக் கடனை முதலில் தீர்க்க வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.